ஆறு டூத் பிரஷ்

ஏழு வாரமாகக் கூரைக்கு மேலேயே உட்கார்ந்திருந்த அந்தத் தொகை, போன வாரம் ஒருவழியாகக் கீழே இறங்கியது.

'கூரை' என்பது அந்த வீட்டில் புழங்கும் சொல். ஒரு வருஷம் உலகம் சுற்றுவதற்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்த வரம்புக்கு அந்தப் பெயர். கட்டுமானக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக எஸ்டிமேட் போடுகிற கணவர் வைத்த பெயர். வேறு எப்படி இருக்கும்?

கூரை எவ்வளவு என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சொல்வதாக இல்லை. சொன்னால், 'இவ்வளவு இருந்தா நாங்களும்தான் போவோம்' என்பீர்கள். இல்லாவிட்டால், 'இதை வெச்சுக்கிட்டா உலகம் சுத்தப் போறாங்க' என்பீர்கள். இரண்டுமே கதைக்கு உதவாது.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு இரண்டு வரி. மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருபத்தாறு வருஷமாக ஜன்னல் இல்லாத அறையில் வேலை. வெளியே மழையா வெயிலா என்பதே டியூட்டி முடிந்து வந்தால்தான் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில், சர்வீஸில் ஒரே ஒரு தடவை, சம்பளமில்லாமல் ஒரு வருஷ விடுப்பு எடுக்கலாம். ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான். பாதியில் திரும்பி வந்து, 'வேலை குடுங்க' என்று நிற்க முடியாது. அவள் கேட்டதும் அந்த ஒரு வருஷம்தான். மற்றபடி கல்யாணமான நாளிலிருந்து அவள் பெரிதாக எதையும் கேட்டதில்லை. அவர் கேட்க விட்டதில்லை என்று நாத்தனார் சொல்வாள். அது வேறு விஷயம்.

விடுப்பு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள், இந்த வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சாப்பாட்டு மேஜையில் எஸ்டிமேட்டர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பயணத்துக்கான பதினோரு பக்க எஸ்டிமேட், சுருள்கம்பி போட்டு, மேலே கண்ணாடித் தாள் அட்டை வைத்து. அலுவலகத்தில் கோடிக்கணக்கில் கட்டுகிறவர்களுக்குக் கொடுப்பது போலவே செய்திருந்தார்.

"நாலு மணிக்குள்ள ஃபாரத்தைக் குடுத்துடு" என்றார்.

"எஸ்டிமேட்டைப் படிச்சுப் பாத்துட்டுக் குடுக்கறேன்."

"எதுக்கு முழுசாப் படிக்கணும்? கடைசிப் பக்கத்துல மொத்தத் தொகை இருக்கு. அதைப் பாத்தாப் போதும்."

அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். ஒரு பக்கம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக்காரரைப் பற்றி ஒரு வாரம் திட்டுகிற மனுஷர் இவர். கடைசிப் பக்கம் போதும் என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"போன வாரம் எப்படித் திடீர்னு கூரைக்குக் கீழ வந்துது?" என்று கேட்டாள். "நீங்க சொல்லவே இல்லையே."

"பாதையைக் கொஞ்சம் மாத்தினேன்." அவர் வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தார். "விலை ஏறுற மாசத்துல அந்தப் பக்கம் போகாம இந்தப் பக்கம் போறோம். அவ்வளவுதான்."

அதுவும் உண்மைதான். முழு உண்மை இல்லை. அவர் காதுமடல் சிவந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எஸ்டிமேட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். விண்ணப்பமும் அதே பையில்தான் இருந்தது, கையெழுத்து மட்டும் போடாமல்.

தியேட்டரில் அன்று மூன்று கேஸ். முதல் கேஸ் பத்தரைக்கு முடிந்தது. இரண்டாவது நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. அது வராமல் மயக்க மருந்துக்காரர் ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். ஆக, ஒரு மணி நேரம் சும்மா.

கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல். ஒன்றில் அவள், இன்னொன்றில் அவளோடு பதினைந்து வருஷமாக ஜோடி சேர்ந்து வேலை பார்க்கும் இன்னொரு சீனியர் நர்ஸ்.

தியேட்டரில் எண்ணுவது எப்போதும் இரண்டு பேர். வயிற்றைத் திறப்பதற்கு முன் ரத்தம் ஒற்றும் காஸ் துணி எத்தனை, எத்தனை கத்தரி, எத்தனை ஊசி என்று வாய்விட்டு எண்ண வேண்டும். மூடுவதற்கு முன் மறுபடி எண்ண வேண்டும். ஒருத்தி எண்ணினால் செல்லாது. ஒரு துணி குறைந்தாலும் பெரிய டாக்டரே ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கணக்கு என்றால் அவளுக்குப் பயம். வட்டி, சதவீதம், பெருக்கல் எல்லாம் அவர் பாடு. ஆனால் எண்ணுவது வேறு. எண்ணுவதில் அவளை யாரும் அசைக்க முடியாது.

எஸ்டிமேட்டை எடுத்துப் புரட்டினாள். இடையிடையே சிரிப்பு வந்தது. செருப்புத் தேய்மானத்துக்கு ஒரு வரி. குடை தொலைந்து போவதற்கு ஒரு வரி. எல்லாவற்றுக்கும் ஐந்து சதவீதம் சேதாரம்.

"ஏமாத்தப்படறதுக்குக்கூட ஒரு தொகை வெச்சிருக்காரு பாரேன்" என்று காட்டினாள். 'டாக்ஸிக்காரர் கூடுதலாக வாங்குவது, வருடத்துக்கு ஒன்பது முறை.'

"ஒன்பதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

"அதைக் கேட்டா ஒரு மணி நேரம் சொல்லுவாரு."

ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தாள். தனிநபர் உபயோகப் பொருட்கள். சோப்பு, சீப்பு, நகவெட்டி. டூத் பிரஷ், ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம். எண்ணிக்கை: 6.

விரல் அந்த வரியில் நின்றது.

"ரெண்டு பேரு. ஆளுக்கு வருஷத்துக்கு நாலு. எட்டு வரணும் இல்லையா?"

"உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பல்லு விழுந்திருக்கும். சிக்கனம் பண்றாரு" என்றாள் ஜோடி நர்ஸ்.

அவள் சிரிக்கவில்லை. ஐந்து சதவீதம் சேதாரம் சேர்த்தால் ஒன்பதாகக்கூட ஆகலாம். ஆறாக ஆக வழியே இல்லை. அவர் தப்புப் போட மாட்டார். ஓர் அறைக்கு எத்தனை டைல்ஸ் என்று கேட்டால், மூலையில் வெட்டிப் போடும் அரை டைல்ஸ் வரை சொல்கிற ஆள்.

"என்கூட எண்ணு" என்றாள். "படுக்கையை எண்ணலாம்."

மூன்றாம் பக்கத்திலிருந்து தங்குமிடங்கள். ஊர், எத்தனை இரவு, எத்தனை படுக்கை. ஜோடி நர்ஸ் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு இரவு, ரெண்டு படுக்கை. ஒன்பது இரவு, ரெண்டு படுக்கை. பதினான்கு இரவு, ரெண்டு.

ஐந்தாம் பக்கத்தின் நடுவில் படுக்கை ஒன்றானது. அடுத்த வரியிலும் ஒன்று. அதற்கடுத்த வரியிலும். எட்டாம் பக்கத்தின் அடிவரை ஒன்று, ஒன்று, ஒன்று.

"ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு படுக்கைன்னா, ரெண்டு பேருக்கு வருஷம் முழுக்க எழுநூத்தி முப்பது வரணும்" என்றாள் ஜோடி நர்ஸ் மெதுவாக. "நானூத்தி எண்பத்தாறுதான் இருக்கு."

"எனக்கும் நானூத்தி எண்பத்தாறுதான் வருது."

இருநூற்று நாற்பத்து நான்கு குறைந்தது. ஒரு காஸ் துணி குறைந்தால் தரையில் தவழ்ந்து தேடுகிறவர்கள் அவர்கள்.

அவள் தேடினாள். பத்தாம் பக்கம், 'இதர வகை' என்ற தலைப்பு. பூட்டு நான்கு. நைலான் கயிறு பத்து மீட்டர். மின்சார பிளக் மாற்றி மூன்று. அதற்குக் கீழே, கயிறுக்கும் பூட்டுக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதையோடு: 'திரும்பும் டிக்கெட், ஒருவர், 122ஆம் நாள்.'

குட்டு உடைந்துவிட்டது. பொய் சொல்வதையாவது தாறுமாறாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தர் நான்கு மாதம் வந்தால் இரண்டு பிரஷ், இன்னொருத்தர் வருஷம் முழுக்க இருந்தால் நான்கு. ஆக மொத்தம் ஆறு. மறைக்கிற இடத்திலும் துல்லியமாக மறைத்திருந்தார்.

"யாரு திரும்பறது?" என்று கேட்டாள் ஜோடி நர்ஸ்.

"யாரு? நான்தான்" என்றாள் அவள்.

அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. காரணம், போன மாதத்து மாதிரிப் பயணம்.

கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கட்டி வார்த்து, அழுத்திப் பார்ப்பார்களாம். அதுபோல, பயணத்துக்கும் ஒரு மாதிரி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் எஸ்டிமேட்டர். வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ தூரத்தில் ஓர் அறை எடுத்து, ஆளுக்கு ஒரு பெட்டியோடு இரண்டு பேரும் பத்து நாள் தங்கினார்கள். அங்கிருந்தே வேலைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் அவளுக்குச் சளி பிடித்தது. ஆறாம் நாள், 'இந்த பாத்ரூம்ல மனுஷன் குளிப்பானா' என்று கத்தினாள். அவர் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மாதிரியில் தேறாதது அவள்தான் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். நான்கு மாதத்தில் அவளை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, மீதியை அவர் தனியாகச் சுற்றப் போகிறார். அவளுடைய விடுப்பில்! அவளுடைய வருஷத்தில்! அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இவ்வளவு கோபம் வந்து வருஷக்கணக்காகியிருந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உள்ளே போனார்கள். இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தைகூட அதிகமாகப் பேசாமல் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் எண்ணினார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

மூன்றாவது கேஸை ஜோடி நர்ஸ் வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மணி ஒன்று ஐம்பது. அவள் உடை மாற்றிக்கொண்டு வந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனார், எஸ்டிமேட்டரின் தங்கை, டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள். அண்ணனும் அண்ணியும் ஊரில் இல்லாத வருஷத்தில் அவள் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பதாக ஏற்பாடு. அந்த வாடகையும் எஸ்டிமேட்டில் ஒரு வரி.

"உங்க அண்ணனைப் பாக்கணும், இப்பவே. சைட்டுக்கு பஸ் எது போகும்?"

"பஸ்ஸெல்லாம் வேணாம் அண்ணி. நான் கிளாஸ்ல இருக்கேன், பத்து நிமிஷத்துல அங்க வரேன். இவருக்கும் நாலு தெரு கூட ஓட்டினா நல்லதுதான்."

'இவர்' என்பவர் பேங்க் மேனேஜர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஸ்டியரிங்கைக் கடன் வசூலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் நாத்தனார், அவள் காலடியில் இன்னொரு பிரேக். பின்சீட்டில் அவள் ஏறிக்கொண்டாள். கார் மூன்று முறை குலுங்கிப் புறப்பட்டது.

"என்ன அண்ணி, முகமெல்லாம் சிவந்திருக்கு?"

அவள் எஸ்டிமேட்டைப் பிரித்துப் பத்தாம் பக்கத்தை முன்சீட்டுக்கு நீட்டினாள். நாத்தனார் படித்தாள். படித்ததும் வாய் திறந்து ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"சார், கண்ணாடியைப் பாருங்க. லெஃப்ட்ல போங்க."

"உனக்குத் தெரியும், இல்லையா?"

நாத்தனார் தன் காலை அழுத்தினாள். கார் நடுத்தெருவில் சடாரென்று நின்றது. பொய் சொல்ல வேண்டி வந்தால் அவள் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். சின்ன வயசிலிருந்து அவளுக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்றார் மேனேஜர் பதறிப்போய்.

"நீங்க இல்ல சார், நான்தான். கிளட்ச் போடுங்க. மெதுவா." அவள் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். "முழுசாத் தெரியாது அண்ணி. போன ஞாயித்துக்கிழமை வீட்ல எந்த அலமாரியை எனக்குக் காலி பண்ணித் தருவேன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். உங்க அலமாரியை எடுத்துக்கோன்னாரு. உன்னோடதைக் குடேன்னு கேட்டேன். என்னோடது வேணாம், நாலு மாசத்துல எனக்கு வேணும்னாரு."

அவள் பின்சீட்டிலிருந்து வெளியே பார்த்தாள். தெருவோரத்தில் ஒருவர் ஏணியில் நின்று கடைப் பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து வெகுதூரம் வந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"அப்ப திரும்பி வரப்போறது அவரா?"

"அப்படித்தான் தோணுது."

"அவரு ஏன் திரும்பணும்? பாத்ரூம் பிடிக்கலன்னு கத்தினது நான்தானே?"

நாத்தனார் மறுபடி காலைத் தூக்கி, யோசித்து, கீழே வைத்தாள். "கத்தினது நீங்கதான் அண்ணி. ஆனா நல்லாத் தூங்கினது யாரு? அந்தப் பத்து நாள்ல மூணு தடவை, மத்தியானம், அவரு வீட்டுக்கு வந்து அவர் கட்டில்ல ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுப் போனாரு. சாவி என்கிட்டதானே இருந்துது, நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். அண்ணிகிட்ட சொல்லாதேன்னாரு. சைட்ல கான்கிரீட் போடறோம்னு உங்ககிட்ட சொன்னாராமே?"

"மூணு தடவையும் கான்கிரீட்னுதான் சொன்னாரு."

"பாவம் மேடம் அவரு" என்றார் மேனேஜர்.

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார்கள் இரண்டு பேரும்.

சைட் என்பது ஆறு மாடிக் கட்டடம். நான்கு மாடி வரை சுவர் எழும்பியிருந்தது. ஓரத்தில் தகரக் கொட்டகை, அதுதான் அலுவலகம். எஸ்டிமேட்டர் தரையில் மண்டியிட்டு, டைல்ஸ் மாதிரிகளை வரிசையாக அடுக்கி அளவு நாடாவால் அளந்துகொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் எழுந்தார். கையில் எஸ்டிமேட் இருப்பதைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிடலாமா என்று யோசிப்பது போல இருந்தது. மணி இரண்டு நாற்பது.

"டூத் பிரஷ் ஆறுன்னு இருக்கு" என்றாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டுன்னு போட்டிருக்கலாம். மனசு வரல. வாங்கப் போறது ஆறுதானே."

"எதுக்கு மறைச்சீங்க?"

"சொன்னா நீ ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பே."

"சொல்லுங்க. கிழிக்கறேனான்னு பாக்கலாம்."

அவர் சொன்னார். எஸ்டிமேட் போடும் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல். இரண்டு பேர் வருஷம் முழுக்கச் சுற்ற, கூரைக்குள் வராது. ஏழு வாரம் எல்லா வழியும் பார்த்தாயிற்று. இரண்டு பேர் என்றால் எட்டு மாதத்தோடு பணம் தீர்ந்துவிடும். அப்புறம் அவள் சம்பளமில்லாமல் நான்கு மாதம் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் தங்கை வேறு வாடகைக்கு இருப்பாள். ஒருத்தர் என்றால் வருஷம் முழுக்கப் போகலாம். இரண்டுக்கும் நடுவில், நான்கு மாதம் இரண்டு பேரும், அப்புறம் அவள் மட்டும். அவர் திரும்பி வந்து வேலையில் சேர்ந்தால் அந்தச் சம்பளமும் கூட வரும்.

"எனக்கு நாலு மாசத்துக்குத்தான் லீவு எழுதிக் குடுத்திருக்கேன்" என்று முடித்தார்.

"பணம் பத்தாததாலயா?"

"ஆமா."

"அது மட்டுமா?"

அவர் குனிந்து ஒரு டைல்ஸை நேராக நகர்த்தி வைத்தார்.

"மூணு தடவை வீட்டுக்குப் போய்த் தூங்கினீங்களாமே?"

எஸ்டிமேட்டர் கொட்டகை வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். தங்கை டைல்ஸைப் பார்த்தாள்.

"எனக்கு வேற இடத்துல தூக்கம் வர்றதில்ல" என்றார் கடைசியில். "வேற கட்டில்ல படுத்தா கூரையையே பாத்துட்டுக் கிடக்கேன். எத்தனை அடி, எத்தனை மூட்டை சிமெண்ட்னு ஓடுது. அந்தப் பத்து நாள்ல செத்துடுவேன்னு நினைச்சேன். நீ சளியோட மூக்கடைச்சுக்கிட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினே. எனக்குப் பொறாமையா இருந்துது."

"அப்ப எது காரணம்? பணமா, இல்ல வர இஷ்டமில்லையா?"

"அதைத்தான் ஒரு மாசமா யோசிக்கறேன்." அவர் அளவு நாடாவை இழுத்தார், விட்டார். அது சடக்கென்று உள்ளே ஓடியது. "இதுல எவ்வளவு, அதுல எவ்வளவுன்னு பிரிச்சுப் பாத்தேன். பிரிக்க வரல. எனக்கு எதுவும் இப்படி வராமப் போனதில்ல."

அவளுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. கோபம் போகவில்லை, அது ஒரு பக்கம் இருந்தது. தனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து அழவும் முடியவில்லை, ஏமாற்றினார் என்று சண்டை போடவும் முடியவில்லை. ஒரு முழுக் காரணம் இருந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பாள்.

"சரி" என்றாள். "அப்ப எனக்கு ஒரு வருஷம். உங்களுக்கு நாலு மாசம்."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். ஃபாரத்தைக் குடுக்கப் போறேன்."

அவர் நின்றது நின்றபடி நின்றார். அவள் 'நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன்' என்றால் சொல்ல அவரிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. 'அப்ப ரெண்டு பேருமே போக வேணாம்' என்றால் சொல்லவும் இரண்டு இருந்தன. அவள் சரி என்று சொன்னால் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் அவர் எந்தத் தொகையும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

கார் ஆஸ்பத்திரி நோக்கித் திரும்பியபோது மணி மூன்று பத்து. மேனேஜர் இப்போது கொஞ்சம் நன்றாகவே ஓட்டினார். பேச்சைக் கேட்கிற ஆர்வத்தில் பயம் போய்விட்டிருந்தது. ஆனால் யாரும் பேசவில்லை.

அவள் பின்சீட்டில் எஸ்டிமேட்டை மறுபடி திறந்தாள். ஐந்தாம் பக்கம், கீழ்ப் பாதி. ஒரு படுக்கை, பதினோரு இரவு, ஏரிக்கரை ஊர். ஒரு படுக்கை, ஆறு இரவு, மலைமேல். அந்த வரிகளைக் காலையில் சந்தேகத்தோடு எண்ணியிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாகப் படித்தாள். எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று கேட்க ஆள் இருக்காது. டிக்கெட் எங்கே, கண்ணாடி எங்கே என்று யாரும் தேடச் சொல்ல மாட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவள் எழுந்திருக்கும்வரை ஜன்னல் அவளுடையது. எட்டு மாதம்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த அளவு சந்தோஷம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முன்சீட்டுக் கண்ணாடியில் நாத்தனார் பார்த்துவிட்டாள். "சார், இண்டிகேட்டர்" என்றாள்.

ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலகத்தில் மூன்று ஐம்பதுக்கு ஜன்னல் முன் ஒரே ஓர் ஆள்தான் நின்றிருந்தார். அவர் நகர்ந்ததும் கிளார்க் அவள் விண்ணப்பத்தை வாங்கி, மேலிருந்து கீழாகப் பேனா முனையை ஓட்டினார்.

"ஒன்பதாவது கட்டத்துல நாத்தனார்னு எழுதியிருக்கீங்க. பரவாயில்லையா?"

ஒன்பதாவது கட்டம்: 'விடுப்புக் காலத்தில் உள்ளூரில் இருந்து, ஊழியர் சார்பாகப் பதில் சொல்லக்கூடிய உறவினர்.' கணவரும் கூடவே வருவதால் போன வாரம் நாத்தனார் என்று எழுதியிருந்தாள்.

"ஒரு நிமிஷம் குடுங்க" என்று திரும்ப வாங்கினாள். பேனா நாத்தனார் என்ற சொல்லின் மேல் நின்றது. பிறகு அதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'கணவர்' என்று எழுதினாள். திருத்தத்துக்குச் சின்னக் கையெழுத்து, கீழே பெரிய கையெழுத்து.

"மாத்தறதா இருந்தா இப்பவே மாத்துங்க. சீல் வெச்சா அப்புறம் ஒரு எழுத்துகூடத் தொட முடியாது."

"மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல."

கிளார்க் சீலை மையில் ஒற்றி, ஓங்கி ஒரு குத்து வைத்தார். தேதி, நேரம், அவர் கையெழுத்து. நகலைக் கிழித்து நீட்டினார். மூன்று ஐம்பத்தாறு.

கைப்பைக்குள் போன் ஒரு தடவை நடுங்கி நின்றது. எடுத்துப் பார்த்தாள். அவர்தான். வழக்கமாகப் புள்ளி, கமா எல்லாம் போட்டு அனுப்புகிறவர், அவசரத்தில் ஒன்றும் போடவில்லை.

'டூத் பிரஷ் எட்டுனு திருத்திட்டேன் என் லீவையும் ஒரு வருஷம்னு மாத்தச் சொல்லிட்டேன் கூரைக்கு மேல போகுது போகட்டும் பாத்துக்கலாம்'

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷர் 'பாத்துக்கலாம்' என்று எழுதியது இதுவே முதல் தடவை. கூரைக்கு மேலே போவதை எப்படிப் பார்த்துக்கொள்வார், தூக்கமில்லாத முந்நூற்று அறுபத்தைந்து இரவை எங்கே கொண்டுபோய் வைப்பார், ஒன்றும் தெரியாது. அவருக்கே தெரியாது.

அவளுக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அது உண்மை. ஏரிக்கரையில் அந்த ஒற்றைப் படுக்கை கையைவிட்டுப் போவது போல இருந்தது. அதற்குப் பின்னாலேயே நெஞ்சு நிறைந்து, கண்ணும் கலங்கிவிட்டது. நகலில் 'கணவர்' என்ற சொல்லின் மேல் சீலின் மை இன்னும் காயவில்லை.

கிளார்க் ஜன்னல் கதவைச் சாத்தப் போனவர், அவள் நிற்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன சிஸ்டர், நல்ல சேதியா?"

அவள் போனை மூடினாள்.

"தெரியல சார்" என்றாள். "இன்னொரு தடவை எண்ணிப் பாக்கணும்."